மூன்று சிகரெட்தானே, மீதி வேப்தானே?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 39. கல்லூரியில் தொடங்கிய சிகரெட் பழக்கம், போன வருடம் வரை நாளுக்கு ஒரு பாக்கெட். அப்பாவுக்கு 53 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு நாற்பது நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது. எட்டு மாதமாக வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறியிருக்கிறேன். சிகரெட்டை மூன்றாகக் குறைத்துவிட்டேன்: எழுந்ததும் ஒன்று, மதியம் ஒன்று, இரவு சாப்பிட்ட பிறகு ஒன்று. இசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் நார்மல். கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் அதிகம். சில நாள் இரவு படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது. காபி நிறைய குடிப்பேன், அதனாலா என்று தெரியவில்லை. வேப்பில் வருவது வெறும் நீராவி என்கிறார்கள் நண்பர்கள். என் மனைவியோ, 'ரெண்டும் ஒண்ணுதான், உங்களையே ஏமாத்திக்காதீங்க' என்கிறாள். யார் சொல்வது சரி? மூன்று சிகரெட் இதயத்தை அப்படி என்ன செய்துவிடும்? முழுதாக விட்டால் பழைய சேதம் சரியாகுமா? முன்பு ஒருமுறை விட்டு, ஐந்து கிலோ ஏறி, மறுபடி தொடங்கியவன் நான்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் முழுக்க நீங்கள் வேப்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை அந்த மூன்று சிகரெட்டைப் பற்றி. இருபதிலிருந்து மூன்றுக்கு இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இன்றைக்கு உங்கள் இதயத்துக்கு ஆபத்து பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அந்த மூன்றைத்தான் காட்டுவேன். முதலில் அவை போகட்டும். வேப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வேப்பைப் பற்றி எங்கேயோ ஒரு செய்தியைப் படித்துப் பயந்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே வாரத்தில் பழையபடி பாக்கெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வரிசை மட்டும் வேண்டாம்.

இருபதில் மூன்று என்றால் ஆபத்தும் இருபதில் மூன்று பங்குதானே என்று கணக்குப் போடத் தோன்றும். நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். அங்கே எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் ஏறக்குறைய அதே போக்கில் ஏறுகிறது. இதயம் அந்தக் கணக்குக்கு அடங்காது. 141 நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. புகைக்காத ஆணோடு ஒப்பிட்டால், நாளுக்கு 20 சிகரெட் பிடிக்கும் ஆணுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு சுமார் 104 சதவீதம் கூடுதல். நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கு? 48 சதவீதம் கூடுதல். பத்தொன்பது சிகரெட்டைத் துறந்தவருக்கு, கூடுதல் ஆபத்தில் ஏறக்குறைய பாதிதான் இறங்கியிருக்கிறது. மீதிப் பாதி அந்த ஒற்றைச் சிகரெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெண்களில் ஒன்றுக்கு 57 சதவீதம், இருபதுக்கு 184 சதவீதம். நாளுக்கு ஐந்து பிடிக்கும் ஆண்களில் கூடுதல் ஆபத்து 58 சதவீதம். உங்கள் மூன்று அந்த ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கோ விழும். எப்படிப் பார்த்தாலும் பாதிக்குப் பக்கம்.

இதே விஷயத்தை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். சிகரெட்டைக் கையால் தொடாதவர், அடுத்தவர் விடும் புகையை மட்டும் சுவாசிக்கிறார். அவர் உடலுக்குள் போகும் அளவு மிகச் சொற்பம். ஆனாலும் அவருக்கு இதயத் தமனி நோய் வரும் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. ஸ்காட்லாந்தில் 2006-ல் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தபோது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு மற்றும் அதையொட்டிய நெஞ்சுவலிக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் இறங்கியது. அப்படித் தப்பியவர்களில் பெரும்பாலோர் புகைக்காதவர்கள் என்பதுதான் அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம்.

ஏன் இப்படி? ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் ரத்தக்குழாயின் உட்சுவரும் மிகக் குறைந்த புகைக்கே முழு வேகத்தில் எதிர்வினை காட்டுகின்றன. அதற்கு மேல் போகிற புகை அந்த எதிர்வினையைக் கொஞ்சம்தான் கூட்டும். சற்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேப்பைப் பற்றிய பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

சிகரெட் புகையில் சுமார் 7,000 வேதிப்பொருட்கள் இருக்கின்றன. இதயத்தைப் பொறுத்தவரை மூன்று தரப்பைக் கவனித்தால் போதும். முதலாவது நிகோடின். இழுத்த சில நொடிகளில் மூளையை எட்டி அட்ரினலினைத் தூண்டிவிடும். நாடித்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். இதயத்துக்கு வேலை கூடுகிற அதே நேரத்தில் அதற்கு ரத்தம் வரும் வழி குறுகும். இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. ரத்தச் சிவப்பணுவில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது பிடித்துக்கொள்ளும். ஆக, கூடுதல் வேலை செய்கிற இதயத்துக்குக் கிடைக்கிற ரத்தத்திலும் ஆக்ஸிஜன் குறைவு. மூன்றாவது, எரிதலில் பிறக்கும் நுண்துகள்களும் ஆக்ஸிஜனேற்றிகளும். நீண்டகாலக் கேட்டில் பெரும்பங்கு இவற்றுடையது. ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரந்து குழாயைத் தளர்வாகவும் வழுவழுப்பாகவும் வைத்திருக்கிறது. இந்த மூன்றாம் தரப்பு அந்தச் சுரப்பைக் கெடுக்கும். கெட்ட கொழுப்பை ஆக்ஸிஜனேற்றிச் சுவருக்குள் தங்க வைக்கும். நல்ல கொழுப்பைக் குறைக்கும். தட்டணுக்களைச் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்படி ஆக்கும். ரத்தம் உறையத் துணைபோகும் ஃபைப்ரினோஜனைக் கூட்டும்.

மாரடைப்பு என்றதும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து ஒருநாள் முழுதாக மூடிக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. சுவருக்குள் இருக்கும் கொழுப்புப் படிவின் மேல், பாலாடை மாதிரி மெல்லிய ஒரு மூடி இருக்கும். அது ஏதோ ஒரு கணத்தில் கிழியும். கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் ஓடிவந்து குவியும், ரத்தம் உறையும், சில நிமிடங்களில் குழாய் அடைபடும். படிவு வளர வருடங்கள் ஆகும். கிழிந்து உறைவதற்கு நிமிடங்கள் போதும். புகை இந்த இரண்டு இடத்திலும் கை வைக்கிறது: படிவையும் வளர்க்கும், கிழிந்த இடத்தில் உறைவையும் விரைவுபடுத்தும். சிலருக்குப் படிவு பெரிதாக இல்லாமலேயே தமனி திடீரென்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் முதன்மைக் காரணங்களில் ஒன்று சிகரெட்தான்.

உங்கள் இசிஜி, எக்கோ, டிரெட்மில் பற்றி நான் ஏன் பெரிதாக மகிழவில்லை என்பது இப்போது புரியும். இசிஜி அந்த நிமிடத்தின் படம். எக்கோ இதயத் தசையும் வால்வுகளும் எப்படி இயங்குகின்றன என்று காட்டும். டிரெட்மில், குழாய் கணிசமாகக் குறுகியிருந்தால்தான் பொதுவாக மாறுதலைக் காட்டும். பாதிகூட அடைக்காத படிவு கிழிந்து வருகிற மாரடைப்புகள் ஏராளம். அந்தப் படிவு டிரெட்மில்லில் சிக்கவே சிக்காது. உடற்பரிசோதனை முடிவு கையில் நார்மல் என்று இருக்க, சில மாதத்தில் மாரடைப்போடு வரும் இளைஞர்களைப் பார்க்காத இதய மருத்துவர் இருக்க மாட்டார். அதற்காக ஓடிப்போய் ஆஞ்சியோ எடுங்கள் என்று சொல்லவில்லை. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு அது தேவைப்படுவதில்லை. நார்மல் என்ற அந்தத் தாள், சிகரெட்டுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வயதும் உங்கள் பக்கம் நிற்கவில்லை. ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களில் மாரடைப்பு பொதுவாகக் குறைவு. அதனால்தான் அந்த வயதில் சிகரெட்டின் பங்கு எடுப்பாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பகுதியில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஐம்பதுக்குக் கீழ்ப்பட்ட புகைப்பவர்களுக்குத் தமனி முழுவதும் அடைபடும் தீவிர மாரடைப்பு வரும் வாய்ப்பு, புகைக்காத அதே வயதினரைவிட எட்டு மடங்குக்கு மேல் இருந்தது. 65 தாண்டியவர்களில் அது சுமார் மூன்று மடங்கு. போதாக்குறைக்கு, தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதைக் குடும்ப ஆபத்து என்று நாங்கள் தனியாகக் குறித்து வைப்போம். கொலஸ்ட்ரால் 'கொஞ்சம் அதிகம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். புகைக்காத, குடும்பத்தில் இதய நோய் இல்லாத ஒருவருக்கு அது கொஞ்சமாக இருக்கலாம். உங்களுக்கு இல்லை. கெட்ட கொழுப்பின் அளவை எடுத்துக்கொண்டு போய், அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை, அவற்றையும் பாருங்கள்.

இனி வேப். உங்கள் மனைவி சொல்வதும் நண்பர்கள் சொல்வதும், இரண்டுமே முழு உண்மை இல்லை.

அது நீராவி கிடையாது. புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருட்கள் ஆகியவை கலந்த திரவத்தை ஒரு சிறு உலோகச் சுருள் சூடாக்கி, நுண்துளிகளாக மாற்றி நுரையீரலுக்குள் அனுப்புகிறது. சூட்டில் அந்தத் திரவம் கொஞ்சம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உருவாகும். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் சிறிதளவு கலக்கும். வாசனைக்காகச் சேர்க்கப்படுபவை உணவில் சேர்க்கத் தகுந்தவை என்று அச்சிட்டிருப்பார்கள். வயிற்றுக்குள் போவதற்குக் கொடுத்த சான்றிதழ் நுரையீரலுக்குச் செல்லாது. 'நிகோடின் இல்லாதது' என்ற லேபிளையும் அப்படியே நம்பாதீர்கள். பரிசோதித்தபோது நிகோடின் இருந்த புட்டிகள் உண்டு.

ஆனால் இரண்டும் ஒன்று என்பதும் தவறு. வேப்பில் எதுவும் எரிவதில்லை. எரியாததால் தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு அநேகமாக இல்லை, மற்ற நச்சுப் பொருட்களும் பெரும்பாலானவை மிகக் குறைந்த அளவில்தான் இருக்கின்றன. நீண்டகாலமாகப் புகைத்தவர்களில் ஒரு பகுதியினரை வேப்புக்கு மாற்றிப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. ஒரே மாதத்தில் அவர்களுடைய ரத்தக்குழாய்ச் சுவர் விரியும் திறன் தேறியிருந்தது. சிகரெட்டை முழுமையாக நிறுத்தியவர்களிடம்தான் அது அதிகம் தெரிந்தது. ஆக, சிகரெட்டை அறவே விட்டு வேப்புக்கு மட்டும் மாறியவர் தன் இதயத்துக்கு ஓரளவு நன்மை செய்திருக்கிறார். சிகரெட்டையே தொடாதவர் வேப்பைத் தொடங்கினால் அவருக்கு அது நட்டக் கணக்கு. ஒரே கருவி, கையில் எடுப்பவர் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. விவாதங்கள் சூடாவதற்குப் பாதிக் காரணம், இரு தரப்பும் வேறு வேறு ஆட்களை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதுதான்.

வேப்பில் மிச்சமிருக்கும் இதயப் பிரச்சினை முதலில் நிகோடின். இழுத்தவுடன் நாடியும் அழுத்தமும் ஏறுவது, தமனிகள் சற்று நேரம் விறைப்பாவது, இவை வேப்பிலும் அளந்து பார்க்கப்பட்டவை. வாசனைப் பொருட்களும், சூட்டில் உருவாகும் ஃபார்மால்டிஹைடு போன்றவையும் குழாயின் உட்சுவர்ச் செல்களை உறுத்துவதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். இருபது முப்பது வருடம் வேப் பிடித்தால் எத்தனை பேருக்கு மாரடைப்பு வரும் என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் விடை இல்லை. இன்றைய வடிவில் இந்தக் கருவி 2003 வாக்கில் சீனாவில் பிறந்தது. பரவலானது அதற்கும் பல வருடம் கழித்து. சிகரெட்டின் கேட்டை அளந்து முடிக்கவே அரை நூற்றாண்டு பிடித்தது. வேப்பால் மாரடைப்பு இரட்டிப்பாகிறது என்று 2019-ல் ஒரு கட்டுரை வந்து உலகம் முழுக்கச் செய்தியானது நினைவிருக்கலாம். அதில் கணக்கிட்ட மாரடைப்புகளில் சில, அந்த ஆட்கள் வேப்பைத் தொடுவதற்கு முன்பே வந்தவையா என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல், 2020-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றது செய்தியாகவில்லை. அது போனதால் வேப் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. பயமுறுத்துவதற்கானாலும் நல்ல ஆதாரம் வேண்டும் என்று மட்டும்தான் ஆகிறது.

வேப்பில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்காத அம்சம் ஒன்று உண்டு. அதற்கு முடிவே கிடையாது. சிகரெட் எரிந்து தீர்ந்துவிடும். அடுத்ததைப் பற்றவைக்க எழுந்து வெளியே போக வேண்டும். வேப்புக்கு அந்தத் தடை இல்லை. மேசையிலும் படுக்கையிலும் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். இரண்டு இழுப்பு, வைத்துவிடுவது, பத்து நிமிடத்தில் மறுபடி இரண்டு. நிகோடினை உப்பு வடிவில் சேர்த்த திரவங்கள் தொண்டையை அவ்வளவாக உறுத்தாததால், எவ்வளவு போகிறது என்று உடல் எச்சரிக்கவும் செய்யாது. பகலில் எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்று ஒரே ஒரு நாள் குறித்துப் பாருங்கள். முன்பு ஒரு பாக்கெட்டில் கிடைத்த நிகோடினைவிட இப்போது அதிகமாகப் போய்க்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இரவுப் படபடப்புக்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது. படுக்கும் முன் வேப் எடுக்கிறீர்களா? நிகோடினின் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். காபியைச் சந்தேகப்பட்டதும் சரிதான், ஆனால் நீங்கள் நினைக்காத ஒரு காரணத்துக்காக. சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள், கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடும். அதனால்தான் புகைப்பவர்கள் எத்தனை கோப்பை குடித்தாலும் தாங்குகிறார்கள். இந்த வேலையைச் செய்வது புகை. நிகோடினுக்கு இதில் பங்கில்லை. சிகரெட் குறையக் குறைய நொதி மந்தமாகும், பழைய அளவு காபியே ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். இருபதிலிருந்து மூன்றுக்கு வந்த நீங்கள் காபியைக் குறைத்ததாகத் தெரியவில்லை. காபியைப் பாதியாக்குங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம், படுக்கப் போகும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே வேப்பை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் படபடப்பு அடங்கவில்லை என்றால், 24 மணி நேரம் உடலில் மாட்டிப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் பரிசோதனையைக் கேளுங்கள். படபடப்போடு மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சில் அழுத்தம் ஏதாவது சேர்ந்து வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். நெஞ்சு நடுவில் பாறையை வைத்தாற்போல் அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் 'வாயுவாக இருக்கும்' என்று படுத்துக்கொள்ளாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். நீங்கள் 'மாறியவர்' கணக்கில் வரமாட்டீர்கள். இரண்டையும் பிடிப்பவர். இந்தக் கலப்பில் இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு: சிகரெட்டின் பாதி ஆபத்து கையில் இருக்கிறது, அதன் மேல் நாள் முழுக்க நிகோடின். சிகரெட்டைக் குறைத்தவர்கள் மிச்சமிருக்கிற ஒவ்வொன்றையும் ஆழமாக, அடிவரை இழுப்பார்கள் என்பதும் தெரிந்த விஷயம். 'லைட்' சிகரெட்டுகள் யாரையும் காப்பாற்றாமல் போனதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ஒரு தேதி குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். அன்றிலிருந்து சிகரெட் பூஜ்யம். மூன்று, இரண்டு, ஒன்று என்று படி இறங்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே கடைசிப் படியில் நிற்கிறீர்கள், அங்கேயே பல வருடம் நின்றுவிடுபவர்கள் உண்டு. மூன்றில் கடினமானது காலைச் சிகரெட்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரவு முழுக்க நிகோடின் இறங்கிப்போய் எழும்போது உடல் கேட்கும். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் அதற்குத்தான் உதவும். அது மெதுவாக, சீராகக் கொடுக்கும். திடீர் உந்துதலுக்கு நிகோடின் சூயிங்கம். அதைச் சாதாரணக் கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். சுருக்கென்று காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். பேட்சும் கம்மும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தரும். 'இதயத்துக்கு நிகோடின் ஆகாது என்றீர்களே, பிறகு பேட்ச் எதற்கு?' என்று கேட்பீர்கள். தோல் வழியே மெதுவாக ஏறும் நிகோடினும், நொடிகளில் மூளையைத் தாக்கும் இழுப்பும் ஒன்றில்லை. பேட்சில் எரிந்த துகளும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. இதய நோய் உள்ளவர்களுக்கே அதைக் கொடுக்கிறோம். எட்டு மாத வேப் உங்களுக்கு ஏற்கெனவே நிறைய நிகோடினைப் பழக்கியிருப்பதால், எந்த அளவு பேட்ச் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மாத்திரை வழியும் உண்டு. வரெனிக்ளின், மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் தான் பாதி உட்கார்ந்துகொண்டு ஏக்கத்தையும் தணிக்கும், சிகரெட்டின் சுவையையும் கெடுக்கும். குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி வழக்கமாக 12 வாரம் சாப்பிட வேண்டும். குமட்டலும் விசித்திரமான கனவுகளும் வரலாம். மனநிலையைப் பாதிக்கும், இதயத்துக்கு ஆகாது என்றெல்லாம் அதன் மேல் ஒரு காலத்தில் புகார் இருந்தது. எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடத்தி 2016-ல் வெளியான பெரிய ஆய்வும், அதே ஆட்களின் இதய விவரங்களைப் பிறகு தொடர்ந்து பார்த்ததும் அந்தப் பயத்தைப் பெரிதும் நீக்கின. பேட்சைவிட அதிகம் பேர் விட்டது இந்த மாத்திரையால்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேப்பை இந்த மாற்றத்துக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாமா? நான் எழுதிக்கொடுக்கிற முதல் வழி அது இல்லை. உங்கள் கையில் அது ஏற்கெனவே இருப்பதால், சிகரெட் பூஜ்யமாகும் வரை அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் நடந்து 2019-ல் வெளியான ஒரு சோதனையில், வேப்பின் துணையோடு விட முயன்றவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பேட்ச், கம் வகைகளில் 9.9 சதவீதம். ஆனால் அதே தாளில் அடுத்த எண்ணையும் படிக்க வேண்டும்: வேப்பால் வென்றவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை விடவில்லை, மற்ற வகையில் வென்றவர்களில் 9 சதவீதம் பேர்தான் அவற்றைத் தொடர்ந்தார்கள். ஊன்றுகோல் பழகிப்போகும். அதனால் சிகரெட் போய் இரண்டு மூன்று மாதம் உறுதிப்பட்டதும், திரவத்தின் நிகோடின் அளவைப் படிப்படியாக இறக்குங்கள். அளவைக் குறைத்ததும் இழுப்பு அதிகமாகிறதா என்று கவனியுங்கள். அதிகமானால் ஒரு படி பின்வாங்கிப் பேட்சைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தத் திரவப் புட்டியை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கினால் சிறு அளவும் குழந்தைக்கு உயிராபத்து.

முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் வரும்; மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வோர் ஏக்கமும் சில நிமிடங்களில் தானாகத் தணியும். நடுவில் ஒருநாள் சறுக்கி ஒன்று பிடித்துவிட்டால், 'எல்லாம் போச்சு' என்று பாக்கெட் வாங்காதீர்கள். மறுநாள் தொடருங்கள். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் சில முறை தோற்றவர்கள். உங்கள் பழைய முயற்சியையும் அந்தக் கணக்கில் வையுங்கள்.

எடையைப் பற்றி. விட்ட முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுவது உண்மை. பசி திரும்பும், நாக்கு தேறும், கையும் வாயும் சும்மா இருக்காது. எடை ஏறியவர்களையும் சேர்த்துத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், விட்டதால் ஆயுளுக்குக் கிடைத்த நன்மையை அந்தக் கிலோக்கள் அழித்துவிடவில்லை. சர்க்கரை சிறிது காலம் ஏறலாம், அதைக் கண்காணித்தால் போதும். முதல் மூன்று மாதம் சிகரெட்டோடு மட்டும் மல்லுக்கு நில்லுங்கள், தினமும் நடங்கள், கடுமையான பத்தியத்தை அதே வாரத்தில் தொடங்க வேண்டாம். இரண்டு போரை ஒரே நேரத்தில் நடத்தி இரண்டிலும் தோற்பவர்கள்தான் அதிகம்.

பழைய சேதம் சரியாகுமா என்றீர்கள். எல்லாம் ஆகாது, ஆனால் ஆகிற பங்கு பெரிது, அதுவும் சீக்கிரம் ஆகும். கார்பன் மோனாக்சைடு ஒரு நாளில் இயல்புக்கு வந்துவிடும். தட்டணுக்களின் ஒட்டும் குணம் சில வாரங்களில் தணியும். ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த இதயத் தமனி நோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகும். அதன் பிறகு இறக்கம் மெதுவானது. புகைக்காதவர் அளவை நெருங்கச் சுமார் 15 வருடம் பிடிக்கும். ஏற்கெனவே படிந்த கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அது கிழிகிற வாய்ப்பும், கிழிந்தால் உறைகிற வேகமும் குறையும். உயிர் பிழைப்பது அதில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் டாக்டர்களையே வைத்து 1951-ல் தொடங்கி 50 வருடம் நடந்த ஆய்வில், புகையை விடாதவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். நாற்பதில் விட்டவர்கள் அந்தப் பத்தில் சுமார் ஒன்பதை மீட்டுக்கொண்டார்கள். ஐம்பதில் விட்டவர்கள் ஆறு, அறுபதில் மூன்று. உங்களுக்கு 39. அப்பா இப்போதும் புகைக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைக்கிறார் என்றால் அவரையும் சேர்த்துக்கொண்டு தேதி குறியுங்கள். மாரடைப்பு வந்த பிறகு விட்டவர்களுக்கும், விடாதவர்களோடு ஒப்பிட்டால், இறப்பு ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்த அளவு பலன் தரும் மாத்திரைகள் எங்கள் பையில் அதிகம் இல்லை.

கடைசியாக ஒன்று. மருத்துவமனைப் படிவத்தில் 'புகைப்பழக்கம் உண்டா' என்ற கட்டத்தில் வேப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவருக்கும், படபடப்புக்குக் காரணம் தேடுபவருக்கும் அந்த விவரம் தேவை. நீங்கள் வேப்பையும் நிகோடின் அளவையும் எழுதுங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ, மனநலத்துக்கு க்ளோஸபின், ஓலன்ஸபின் போன்றவையோ சாப்பிடுபவராக இருந்தால், சிகரெட்டை நிறுத்தும் தேதியை முன்கூட்டியே அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். கஃபீனைப் போலவே இவையும் ரத்தத்தில் ஏறும், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.